வயோலாவில் கேட்ட குரல்

மிருதங்க வகுப்பு நடக்கிற நேரத்தில் எங்கள் வாத்தியார் ரேடியோ பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரே ஒரு நாள்தான் அந்த வழக்கம் மாறியது.

மாயவரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு. நாங்கள் நான்கு பையன்கள், மிருதங்கம் இரண்டு. இரண்டு பேர் வாசிக்க, மற்ற இரண்டு பேர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு சொற்கட்டை, அதாவது 'தகதிமி' மாதிரியான தாளச் சொற்களை, வாயால் சொல்ல வேண்டும். அன்று வாசிப்பது என் முறை. ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிருதங்கத்தின் இடது பக்கத் தோலான தொப்பியில் அப்பி, சத்தம் இறங்கியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அடுப்படியில் மாமி ரேடியோ வைத்திருந்தார். வில் போட்டு வாசிக்கிற ஏதோ ஒரு வாத்தியம் கேட்டது. வாத்தியார் கையை உயர்த்தினார். "கையை எடுங்கடா."

எடுத்தோம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்ன வாத்தியம்?" என்றார்.

"வயலின் சார்."

"இல்ல. நல்லா கேளு. சத்தம் கனமா இருக்கு பாரு. இது வயோலா. வாசிக்கிறது யாரு?"

எங்களுக்குத் தெரிந்த வயலின்காரர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னோம். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். எங்களில் சின்னவன் ஒருத்தன், கணக்கில் ரொம்பவே திணறுகிறவன், தயங்கித் தயங்கி, "பாலமுரளி பாடற மாதிரி இருக்கு சார்" என்றான்.

வாத்தியார் தொடையில் ஓங்கித் தட்டினார். "மாதிரி இல்லடா. அவரேதான். அவரேதான் வாசிக்கிறார்."

வாசித்துக்கொண்டிருந்தது பாடகர் பாலமுரளிகிருஷ்ணா. அன்று அதற்கப்புறம் பாடம் நடக்கவில்லை. ஒலிபரப்பு முடியும்வரை ஐந்து பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். மாமி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். அவள் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கீபோர்டு, கிடார், கொஞ்சம் மிருதங்கம், பள்ளிக்கூடத்தில் டிரம்ஸ். எல்லாமே நன்றாக வாசிக்கிறான். "எல்லாத்தையும் தொடறான், எதுல நிப்பான்னு தெரியல. எதை நிறுத்தச் சொல்லட்டும், நீ சொல்லு" என்றாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவள் கேட்டதிலிருந்து அந்தத் திண்ணையும் அந்த வயோலாவும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல வித்தை தெரிந்த இசைக்கலைஞரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாம் முதலில் எண்ணிக்கைக்குப் போய்விடுகிறோம். இவருக்கு ஆறு வாத்தியம் தெரியும், அவருக்குப் பத்து தெரியும் என்று. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. நான்கைந்து வாத்தியம் சுத்தமாக வாசிக்கக்கூடியவர்கள் திருமண மேடைகளிலும் இசைக்குழுக்களிலும் நிறைய இருக்கிறார்கள். அது உழைத்துப் பெற்ற திறமை, பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட திறமை. அவர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அன்று திண்ணையில் நடந்தது வேறு விஷயம். வாத்தியத்தின் பெயர்கூடத் தெரியாத ஒரு பத்து வயதுப் பையன், வாசிக்கிற ஆளைக் கண்டுபிடித்தான். குரலே இல்லாத இடத்தில் குரலை அடையாளம் கண்டான்.

அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. வயோலா வயலினைவிடப் பெரியது. தந்திகள் தடிமன். வில்லை இழுத்தால் ஒலி வயலினைப் போலச் சட்டென்று எழாது. ஒரு கணம் யோசித்துவிட்டு வருவது போல வரும். வயலினில் பொலபொலவென்று உதிர்கிற பிருகா, அந்த வேகமான ஸ்வரக் கொத்து, அதில் எளிதில் குழம்பிப்போகும். அப்புறம் ஏன் ஒருவர் அதைக் கையில் எடுக்க வேண்டும்? எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான்: வயலின் பேசுகிற உயரம் வேறு, பாலமுரளி பாடுகிற உயரம் வேறு. வயோலாவின் கீழ்த்தந்திகள் ஒரு ஆணின் குரல் உலவுகிற இடத்தில் உலவுகின்றன. தன் தொண்டை எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கிற வாத்தியத்தை அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டார். கர்நாடக இசை மேடையில் வயோலாவைத் தனிக் கச்சேரிக்குரிய வாத்தியமாகக் காட்டிய முன்னோடி அவர்.

மங்கலம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணா 1930 ஜூலை 6ஆம் தேதி, கிழக்கு கோதாவரி மாவட்டத்துச் சங்கரகுப்தம் என்ற ஊரில் பிறந்தார். அப்பா புல்லாங்குழல் வாசிப்பவர். அம்மா வீணை. கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். தியாகராஜரின் சீடப் பரம்பரையில் வந்த பாருபல்லி ராமகிருஷ்ணய்ய பந்துலுவிடம் பாடம். எட்டு வயதில் விஜயவாடாவில் முழுக் கச்சேரி. முரளிகிருஷ்ணா என்ற பெயருக்கு முன்னால் 'பால' வந்து ஒட்டிக்கொண்டது அந்தச் சமயத்தில்தான். பதின்வயதிலேயே, மற்ற ராகங்களுக்குத் தாயான 72 மேளகர்த்தா ராகங்களிலும் கீர்த்தனை இயற்றத் தொடங்கிவிட்டார். வயலின், வயோலா, மிருதங்கம், கஞ்சிரா எல்லாம் மேடையில் வாசிக்கிற அளவுக்குத் தெரியும். விஜயவாடா வானொலியில் வேலை, அங்கேயே அரசு இசைக் கல்லூரியின் முதல் முதல்வர், சினிமாவில் பாடகர், நடிகர், இசையமைப்பாளர். 1978இல் சங்கீத கலாநிதி, 1991இல் பத்ம விபூஷண். பட்டியலை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது பட்டியலுக்குள் இல்லை.

அவர் பாடகர் மட்டும் அல்ல, பெரிய வித்வான்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசித்தவரும்கூட. பக்கவாத்தியம் என்றால் என்ன வேலை என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பாடுகிறவர் அடுத்து எங்கே போகப்போகிறார் என்பதை அவர் போவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே உணர வேண்டும். அவர் விட்டுவைத்த இடத்தை நிரப்ப வேண்டும், விடாத இடத்தில் நுழையக் கூடாது. அவர் தவறினால் தாங்கிப்பிடிக்க வேண்டும், அது சபைக்குத் தெரியவும் கூடாது. எங்கள் வாத்தியார் இதை வேறு விதமாகச் சொல்வார்: "பக்கவாத்தியக்காரனுக்குக் காதுதான் கை." அந்த வேலையைச் செய்தவர் பிறகு நடுவில் உட்கார்ந்து பாடும்போது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாலமுரளியின் பழைய கச்சேரிப் பதிவுகளில் ஸ்வரம் பாடும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். வயலினுக்குக் கொடுக்கிற இடமும், மிருதங்கம் வந்து உட்கார்வதற்கு வசதியாக ஒரு கோர்வையை, அதாவது கணக்குப் போட்டு அமைத்த ஸ்வரக் கோப்பை, முடிக்கிற விதமும், கணக்கைத் தலையில் போட்டுப் பாடுகிறவர் செய்கிற வேலை அல்ல. அந்தக் கணக்கு அவர் கையிலேயே இருந்திருக்கிறது.

தாளச் சொற்களே பெரும்பாலும் பாட்டாக வருகிற தில்லானாவைச் சொல்ல வேண்டும். அவர் இயற்றிய பிருந்தாவனி தில்லானாவை நீங்கள் பரதநாட்டிய மேடையில் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். நான் மிருதங்கம் கற்றவன் என்பதால் அதை அந்தச் சொற்களின், அதாவது ஜதிகளின், பக்கத்திலிருந்துதான் கேட்பேன். சில தில்லானாக்களில் ஜதி என்பது ஸ்வரத்துக்குப் போட்ட சட்டை மாதிரி இருக்கும். வேறு சொல்லை வைத்தாலும் ஒன்றும் குறையாது. பாலமுரளியின் தில்லானாக்களில் அப்படி மாற்ற முடியாது. 'தீம்' என்று நீட்டுகிற இடத்தில் தொப்பியில் கை அழுந்தி எழுகிற கும்கி என்ற அடித்தொனி கேட்கிறது. 'தகதிமி' வருகிற இடத்தில் வலது பக்கத் தோலான வலந்தலையின் விரல்கள் கேட்கின்றன. மிருதங்கத்தைத் தொட்டவர் எழுதிய பாட்டு அது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

தாளத்திலும் அவர் கை வைத்தார். தாளத்தில் கை தட்டிச் சத்தம் வருகிற இடங்களில் நடையை, அதாவது ஒரு எண்ணிக்கைக்குள் அடங்குகிற உட்பிரிவை, மாற்றிவைத்து திரிமுகி, பஞ்சமுகி, சப்தமுகி, நவமுகி என்று புதிய தாள அமைப்புகளைக் கொண்டுவந்தார். பாடிக்கொண்டே அந்தத் தாளத்தைக் கையில் போட்டுப் பாருங்கள், இரண்டு ஆவர்த்தனத்துக்குள், அதாவது தாளத்தின் இரண்டு சுற்றுக்குள், கை நின்றுவிடும். எனக்கு நின்றுவிட்டது. அவற்றை அதிகம் பேர் எடுத்துப் பாடுவதில்லை என்பது உண்மைதான். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. பாட்டையும் தாளத்தையும் இரண்டு பேர் பங்குபோட்டுக்கொள்கிற மேடையில், இரண்டையும் ஒரே உடம்புக்குள் வைத்திருந்தவருக்குத்தான் அப்படி ஒரு யோசனையே தோன்றியிருக்க முடியும்.

சினிமாப் பக்கம் வருவோம், ஏனென்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அவர் அங்கிருந்துதான் அறிமுகம். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் 'ஒருநாள் போதுமா' பாடினார். பாண்டியன் அவைக்கு வந்து சவால் விடுகிற ஹேமநாத பாகவதராக டி.எஸ். பாலையா நடித்த காட்சி. இசை கே.வி. மகாதேவன். இந்தப் பாட்டை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வியந்துபோகிறேன். கதைப்படி இந்த ஆள் தோற்கப்போகிறவர். அவருடைய வித்தை பெரியது, கர்வமும் பெரியது. பாடுகிறவர் இரண்டையும் கொண்டுவர வேண்டும். சங்கீதம் கொஞ்சம் குறைந்தாலும், இவரைக் கண்டு ஒரு நாடே ஏன் நடுங்க வேண்டும் என்று தோன்றிவிடும். கர்வம் குறைந்தால் இவர் ஏன் தோற்க வேண்டும் என்று தோன்றிவிடும். மாண்டு ராகத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு ராகத்தின் பெயர் வரும்போதும் அந்தந்த ராகத்துக்குள் இறங்கி ஏறி வருகிறார். ஒவ்வொரு இறக்கத்திலும் குரலில் ஒரு மிடுக்கு, 'பார்த்தாயா?' என்கிற மாதிரி. பாலையாவின் புருவம் பாதி நடிப்பைச் செய்கிறது என்றால் மீதியைக் குரல் செய்கிறது. இரண்டு வருஷம் கழித்து 'பக்த பிரகலாதா'வில் அவரே நாரதராக நடித்ததைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. முன்னமே குரலால் நடித்தவர்தானே.

அதே தொண்டைதான் 1977இல் 'கவிக்குயில்' படத்துக்காக இளையராஜா இசையில் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாடியது. ரீதிகௌளை. அங்கே மிடுக்கு என்று ஒன்று இருந்த சுவடே இல்லை. கச்சேரிக்குப் போகாத லட்சக்கணக்கான காதுகளுக்கு அந்த ராகத்தை அந்தப் பாட்டு கொண்டுபோய்ச் சேர்த்தது. தன்னிடம் இருப்பதையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்கிற அவசரம் துளியும் இல்லாத பாட்டு அது. பல வித்தை தெரிந்தவர்களிடம் நான் முதலில் தேடுவது இதைத்தான். எதைக் காட்டாமல் வைத்துக்கொள்கிறார்கள்?

நேர்மையாகச் சொன்னால் பாலமுரளியே எல்லா மேடையிலும் அப்படி இருந்ததில்லை. சில கச்சேரிகளில் குரல் மூன்று ஸ்தாயியிலும் ஓடி ஓடி வித்தை காட்டும்போது ராகம் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பது போல எனக்கு இருக்கும். அந்த இடங்களை நான் தாண்டிப் போய்விடுவேன். வயோலாப் பதிவுகளில் அந்தக் குறை எனக்குத் தென்பட்டதில்லை. வாத்தியத்தின் கனமே அவரை நிதானப்படுத்துகிறதோ என்னவோ.

இனி இன்னொருவர். வீணை எஸ். பாலச்சந்தர். பாலமுரளியைச் சொல்லிவிட்டு இவரைச் சொல்லாமல் விட்டால் என் கேள்விக்குப் பாதி பதில்தான் கிடைக்கும். ஏனென்றால் இவர் நேர் எதிர்த் திசையில் நடந்தவர்.

1927இல் சென்னையில் பிறந்தவர். 1934இல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கிற குழந்தை இவர்தான். அதே படத்தில் அண்ணன் எஸ். ராஜம் ராமர், அக்கா ஜெயலட்சுமி சீதை. (அந்த ராஜம் தனியாகவே ஒரு கட்டுரைக்கு உரியவர். பாடகர், ஓவியர். நம் வீட்டுப் பூஜையறைகளிலும் சபாக்களிலும் தொங்குகிற சங்கீத மும்மூர்த்திகள் படம் அவர் தூரிகையிலிருந்து வந்தது. கோடீஸ்வர ஐயரின் மேளகர்த்தா கீர்த்தனைகளைப் பாடிப் பாடி நிலைநிறுத்தியவரும் அவரே.) தம்பி பாலச்சந்தர் கஞ்சிரா, தபலா, சிதார் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். நடித்தார், இசையமைத்தார், படம் இயக்கினார். வீணையைத் தானாகவே கற்றுக்கொண்டார். வீணைக்கு அவருக்குக் குரு என்று யாரும் கிடையாது.

1954இல் ஏவி.எம்.முக்காக அவர் இயக்கிய படம் 'அந்த நாள்'. சிவாஜி கணேசன் நடித்த அந்தப் படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பாட்டுகளுக்காகவே படம் ஓடிய காலம். இயக்குகிறவரோ உடம்பு முழுக்க சங்கீதம் ஓடுகிற ஆள். அவர் தமிழின் முதல் பாடல் இல்லாத படத்தை எடுக்கிறார்! வெளியான சமயத்தில் மக்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று தமிழ் சினிமாவின் முக்கியமான படங்களைப் பேசும்போது அது இல்லாமல் பேச முடியாது. ஒரு கொலை; அதைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அதே நிகழ்ச்சி வேறு முகம் காட்டுகிறது. ரஷ்ய, ஜப்பானியப் படங்களையெல்லாம் தேடிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வருவதற்கு முன்னால், சின்ன வயதில் தொலைக்காட்சியில் இதைப் பார்த்தபோது, எனக்கு ராக ஆலாபனைதான் ஞாபகம் வந்தது. ராகம் ஒன்றுதான். காந்தார ஸ்வரத்தில் நின்று பார்த்தால் ஒரு முகம், பஞ்சம ஸ்வரத்தில் நின்று பார்த்தால் இன்னொரு முகம். அப்புறம் 'பொம்மை' (1964). ஜேசுதாஸ் தமிழில் பாடிய முதல் பாட்டுகளில் ஒன்று, 'நீயும் பொம்மை', பாலச்சந்தர் இசையில் அந்தப் படத்தில்தான் வந்தது. கடைசியாக 'நடு இரவில்'.

அதோடு சினிமாவை விட்டார். மற்ற வாத்தியங்களையும் விட்டார். மிச்சம் இருபது வருஷம் வீணை, வீணை, வீணை. 1990 ஏப்ரலில், கச்சேரிக்காகப் போன பிலாயில் இறந்தார்.

என்னிடம் அவருடைய ஆலாபனைப் பதிவு ஒன்று இருக்கிறது. நண்பர் ஒருவர் பழைய ஒலிநாடாவிலிருந்து மாற்றிக் கொடுத்தது. பின்னால் இரைச்சல் உண்டு. வீணையில் 24 மெட்டு. மெழுகில் பதித்த வெண்கலக் கட்டைகள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் விரலை ஒவ்வொரு மெட்டுக்கு நகர்த்தி வாசிப்பது ஒரு வழி. பாலச்சந்தர் ஒரே மெட்டில் விரலை நிறுத்திக்கொண்டு தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறார். ஒரே ஒரு மீட்டு. மீட்டிய ஒலி தேய்ந்து மறைவதற்குள் தந்தியை இழுத்தும் தளர்த்தியும் நாலு, ஐந்து ஸ்வரங்களைத் தொட்டுவிடுகிறார். பாடுகிறவர் ஒரே மூச்சில் செய்கிற காரியம் அது. வலது கை சும்மா இருக்கிறது, இடது கை பாடுகிறது. அந்த ஒலி தேய்ந்துபோனதும் அவர் உடனே அடுத்த மீட்டுக்குப் போவதில்லை. நிறுத்துகிறார். இரைச்சல் மட்டும் ஓடுகிறது. இதோ வரும் என்று நாம் எதிர்பார்க்கிற கணம் கடந்த பிறகுதான் அடுத்த மீட்டு வருகிறது.

அந்த மௌனத்தை எங்கேயோ கண்டிருக்கிறோமே என்று பல நாள் யோசித்தேன். 'அந்த நாள்' படத்தில், ஒருவர் பேசி முடித்த பிறகு முகங்களின்மேல் கேமரா நிற்குமே, அந்த நிறுத்தம் அது. சினிமாவை விட்டுவிட்டார் என்று நான் எழுதினேன் அல்லவா, அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். படம் எடுப்பதை விட்டார். எங்கே வெட்ட வேண்டும், எங்கே காத்திருக்க வைக்க வேண்டும் என்கிற அறிவு வீணைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கஞ்சிராவும் அப்படித்தான். அவருடைய தானத்தை, ஆலாபனைக்குப் பிறகு லயத்தோடு வாசிக்கிற பகுதியை, கேட்டால் அந்தச் சின்னப் பையனின் விரல்கள் இன்னும் தட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

இந்த இருவருக்கும் 1980களில் பெரிய சண்டை நடந்தது சங்கீத உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பாலமுரளி மகதி, லவங்கி, சர்வஸ்ரீ என்று சில ராகங்களைத் தானே உருவாக்கியதாகச் சொன்னார். ராகம் என்றால் குறைந்தது ஐந்து ஸ்வரமாவது வேண்டும் என்பது நூல்கள் சொல்லும் வழக்கம். மகதியில் நான்குதான், சர்வஸ்ரீயில் மூன்று. பாலச்சந்தர் இதைக் கடுமையாக எதிர்த்தார். ராகத்தைத் தனி ஒருவர் உண்டாக்கிவிட முடியுமா, நாலு ஸ்வரத்தை எடுத்து வைத்தால் ராகம் ஆகிவிடுமா என்பது அவர் பக்கம். என் மனசு இதில் இரண்டு பக்கமும் போய் வந்திருக்கிறது. மூன்று ஸ்வரத்தில் ஒரு கீர்த்தனை நிற்கலாம், விரிவான ஆலாபனைக்கு அதில் இடம் இல்லை என்பது என் அபிப்பிராயம். அதே சமயம், 'அபூர்வ ராகங்கள்' படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் மகதியை எடுத்து 'அதிசய ராகம்' என்று போட்டபோது, அந்த நான்கு ஸ்வரங்களுக்கு ஒரு முகம் இருக்கிறது என்பது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. நாரதர் கையில் இருக்கிற வீணைக்கும் மகதி என்றுதான் பெயர்.

சண்டையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பாலமுரளி 72 மேளகர்த்தாவிலும் கீர்த்தனை செய்தவர். பாலச்சந்தர் 72 மேளகர்த்தாவையும் வீணையில் வாசித்துப் பதிவுசெய்தவர். அதிகம் பேர் பாடாத, கேட்பதற்கே கரடுமுரடான விவாதி மேளங்களையும் விடாமல் இருவரும் மொத்தக் காட்டையும் நடந்து முடித்திருக்கிறார்கள். பல வித்தை தெரிந்தவர் என்று நாம் சொல்கிற பலரிடம் இது இருப்பதில்லை. ஒவ்வொரு வாத்தியத்திலும் எளிதாக வருகிற இடம்வரை போய்விட்டு, கஷ்டம் ஆரம்பிக்கிற இடத்தில் அடுத்த வாத்தியத்துக்குத் தாவிவிடுவார்கள். சின்ன வயதில் நானும் அதைத்தான் செய்தேன். மிருதங்கத்தில் ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர நடை கை வராமல் அடம் பிடித்தபோது, புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறேன் என்று வாத்தியாரிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. "தாராளமா கத்துக்கோ. ஆனா முதல்ல இந்த மிஸ்ரத்தைப் பாடிக் காட்டு" என்றார். கையை மடியில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தேன். ஏழில் நான்காவது எண்ணிக்கையில் தடுக்கியது. மிருதங்கத்தில் என் கை தடுக்கியதும் அதே நான்கில்தான்.

"பாரு, கைக்கு ஒண்ணும் ஆகல. உள்ளதான் வழி அடைச்சிருக்கு. குழல் வாங்கினாலும் அங்கேயேதான் அடைக்கும்."

என்னால் பாலமுரளி ஆகவோ பாலச்சந்தர் ஆகவோ முடியாது என்பது தெரிந்தே இதைச் சொல்கிறேன்: அந்த உள்வழிதான் விஷயம் என்று நான் முழுதாக நம்புகிறேன். பாலமுரளிக்கு அது திறந்திருந்ததால் வயோலாவை எடுத்தாலும் தொண்டை கேட்டது, பாடினாலும் மிருதங்கக் கை கேட்டது. பாலச்சந்தருக்கு அது திறந்திருந்ததால் பத்தை விட்டு ஒன்றுக்கு வந்தும் பத்தும் அந்த ஒன்றுக்குள் வந்து உட்கார்ந்தன. ஒருவர் எதையும் விடவில்லை. இன்னொருவர் எல்லாவற்றையும் விட்டார். எதை நிறுத்துவது என்ற கேள்விக்கு இந்த இருவரிடமிருந்தும் ஒரே பதில் கிடைக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் செய்து, எதையும் நிறுத்த வேண்டாம், பையனிடம் கொடு என்றேன். அவன் வந்ததும், "இந்த வாரம் கிடார்ல என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டேன். ஏதோ ஒரு பாட்டின் இடையிசையைத் தானாகவே கேட்டுப் பிடித்திருக்கிறானாம். வாசித்துக் காட்டினான். போனில் கேட்டதற்கே பிரமாதமாக இருந்தது. விரல் நல்ல வேகம்.

"சரி, கிடாரைக் கீழ வை. இப்ப அதைப் பாடு."

"பாடணுமா மாமா? எனக்குப் பாட வராதே."

"வராட்டிப் பரவாயில்ல. ன ன ன-ன்னு முணுமுணு."

கூச்சப்பட்டுக்கொண்டே ஆரம்பித்தான். முதல் இரண்டு வரி சரியாக வந்தது. மூன்றாவதில் மேலே ஏறுகிற இடத்தில் சுருதி ஆடி, நின்றுவிட்டான். திரும்ப முதலிலிருந்து வந்தான். அதே இடத்தில் நின்றான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மாமா, இந்த இடம் எனக்கு விரல்லதான் தெரியும்போல. பாடத் தெரியல."

"அந்த இடத்துலேர்ந்தே ஆரம்பி" என்றேன். ஆரம்பித்தான்.